ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஆனாலும் விரல் வீக்கம். எப்படி?

தையல்காரன்:
வயது 43, தையல் கடை வைத்திருக்கிறேன். முழங்கையிலும் தலையிலும் சோரியாசிஸ் வந்து ஒன்பது வருடம். பழகிப்போச்சு. மார்கழியில் வலது ஆள்காட்டி விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக வீங்கிவிட்டது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழையவில்லை. காலையில் ஒரு மணி நேரம் கை மடங்காது. முடக்குவாதத்துக்கான ரத்த டெஸ்டுகள் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி இரண்டும் நெகட்டிவ். முதலில் பார்த்தவர் வேலைப்பளு என்று வலி மாத்திரை கொடுத்தார். இப்போது மூட்டு டாக்டர் சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ், அதாவது சோரியாசிஸோடு வரும் மூட்டு அழற்சி என்கிறார். தோல் வியாதிக்கு மூட்டுக்குள் என்ன வேலை?

லேப்_அக்கா:
அந்த இரண்டு டெஸ்டும் தேடுவது முடக்குவாதத்தில் வரும் எதிர்ப்பொருட்களை. உங்கள் நோயில் பெரும்பாலும் அவை இருக்காது.

பேத்தாலஜியில் வேலை பார்ப்பதால் மூட்டுச் சவ்வைக் கண்ணாடித் தகட்டில் பார்த்திருக்கிறேன். இயல்பில் அதன் மேலடுக்கு ஒன்றிரண்டு செல் தடிமன்தான். மூட்டு வழுக்கி நகர நீர் சுரப்பது அது. இந்த நோயில் அங்கே நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் டி செல்கள் வந்து குடியேறுகின்றன. ஐஎல்-23 என்ற சமிக்ஞைப் புரதம் தூண்டிவிட, அவற்றில் சில ஐஎல்-17 என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கும். டிஎன்எஃப் என்ற இன்னொரு அழற்சிப் புரதமும் சேர்ந்துகொள்ளும். உங்கள் முழங்கையில் செதில் உதிர வைப்பதும் இதே சரக்குதான். புதிய ரத்தக் குழாய்கள் வேறு முளைக்கும். முடக்குவாதத்தில் அவை ஓரளவு நேராக ஓடும். இதில் சிக்கிய நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும்.

விரல் முழுக்க வீங்கியதற்குக் காரணம், விரலை மடக்கும் தசைநாணின் உறையிலும் இதே மாதிரி சவ்வு உண்டு. மூட்டோடு அதுவும் அழற்சியில் மாட்டியிருக்கிறது. நகத்தில் சின்னச் சின்னக் குழி இருக்கிறதா?

தையல்காரன்:
இருக்கிறது அக்கா! ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் உறை மாதிரியே. இத்தனை நாள் ஊசிதான் குத்தியது என்று நினைத்தேன். டாக்டர் மெத்தோட்ரெக்சேட் என்ற, நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார்.

ஆறு_வருட_நோயாளி:
தம்பி, அது வாரத்தில் ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதோடு தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை எந்த நாளில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு டிஎன்எஃப்பை அடக்கும் ஊசிக்குப் போனால் முதலில் டிபி பரிசோதனை செய்வார்கள். நம் ஊரில் பலருக்கு உள்ளே டிபி தூங்கிக்கொண்டிருக்கும், அந்த ஊசியால் அது கிளம்பிவிடலாம். எனக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

தையல்காரன்:
சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'ஞாயிறு மட்டும்' என்றுதான் எழுதியிருக்கிறது. நேற்று திங்களன்றும் ஒன்று போட்டுவிட்டேன். இதோ டாக்டருக்கு போன் போடுகிறேன்.