இங்கிலீஷ் பன்மை: மறக்க முடியாம நிக்கிற ஒரு சம்பவம் சொல்லுங்க

நாலாம் கிளாஸ் டீச்சர்:
ஃபுட் – ஃபீட், டூத் – டீத் போர்டுல எழுதி முடிச்சேன். ஒரு பொண்ணு எழுந்து, "அப்ப புக்குக்கு பீக் தானே மிஸ்?"னு கேட்டா. கிளாஸே சிரிச்சுது. நோட்டுல எழுதினதைக் கையால மறைச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. அந்தக் கை கண்ணுலயே நிக்குது. அவளுக்கு என்ன பதில் சொல்றது?

மொழியியல் எம்.ஏ.:
அவ யோசிச்சது சரி! ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல புத்தகம் 'போக்', பன்மை 'பேச்'. ஃபீட் வந்த அதே வழிதான்: விகுதியில இருந்த இகரம் முன்னால உள்ள உயிரை மாத்திட்டு, தானும் தேஞ்சு போச்சு. பிறகு வடக்கு இங்கிலாந்துப் பக்கமிருந்து எஸ் பரவி நிறைய சொல்லை விழுங்கிடுச்சு. கால், பல், எலின்னு தினம் புழங்குற சிலது தப்பிச்சுது. தெற்குல 'என்'(-en)ங்கிற பன்மை விகுதி ரொம்ப நாள் ஓடுச்சு. எருதுகளைச் சொல்ற ஆக்ஸன் அதோட மிச்சம். சில்ட்ரன்ல ரெண்டு பன்மை விகுதி ஒட்டியிருக்கு. இதைக் கிளாஸ் முன்னாடியே அவகிட்ட சொல்லுங்க.

ஸ்டோர் கீப்பர், ஷார்ஜா:
புதுசா வந்த பையன் ஸ்டாக் லிஸ்ட்ல 'எக்விப்மென்ட்ஸ்'னு போட்டிருந்தான். மேனேஜர் மீட்டிங்ல அந்த எஸ்ஸை மட்டும் இழுத்து இழுத்துப் படிச்சார். பையன் முகம் செத்துப் போச்சு. சாமான் கணக்கு ஒண்ணுகூடத் தப்பில்லை. ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன் இதுக்கெல்லாம் எஸ் வராதுன்னு பள்ளிக்கூடத்துல யாரு சொன்னா? அதை விட்டுட்டு போக், பேச் எதுக்கு அண்ணே?

ஸ்போக்கன் இங்கிலீஷ் அக்கா:
தம்பி, குழந்தைக்கு அந்த வரலாறு வேணும், இல்லேன்னா அடுத்த தடவை கை தூக்க மாட்டா. ஆனா டீச்சர், எழுத்துக்கு முன்னால காதுல ஆரம்பிங்க. தொண்டையில விரல் வச்சு கேட்ஸ் (cats), டாக்ஸ் (dogs) சொல்லச் சொல்லுங்க. கேட்ஸ்ல எஸ் அதிராது, டாக்ஸ்ல அதிரும். பஸ், டிஷ், சர்ச் மாதிரி முடிஞ்சா 'இஸ்'னு ஒரு அசை கூடும். 1958ல ஜீன் பெர்கோங்கிற மொழி ஆய்வாளர் அமெரிக்கக் குழந்தைங்ககிட்ட ஒரு கற்பனைப் பிராணியைக் காட்டி, இது 'வக்' (wug), ரெண்டு இருந்தா என்னன்னு கேட்டாங்க. கேட்டே இராத சொல்லுக்கும் பெரும்பாலான குழந்தைங்க அதிர்ற எஸ்ஸைச் சரியாப் போட்டாங்க. மனப்பாடம் பண்ணி வந்ததில்லை அது. உங்க பொண்ணும் விதியைத்தான் தேடியிருக்கா. அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்க, படம் காட்டி வாய் திறக்க வையுங்க.

ஸ்டோர் கீப்பர், ஷார்ஜா:
லக்கேஜுக்குக் காது எப்படி உதவும்?

ஸ்போக்கன் இங்கிலீஷ் அக்கா:
உதவாது. அங்க பீஸ் சேர்த்து எண்ணணும்: டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ். எக்விப்மென்ட்டுக்கும் அதேதான், பையன்கிட்ட சொல்லிடுங்க.