விமானப் பயண நேரக் கணக்கு: காற்றை எப்படிச் சேர்ப்பது?

நண்பர்களே, இரு நகரங்களுக்கு இடையே பறக்கும் நேரத்தைக் கணக்கிடும் எக்செல் தாளில் ஒரு சிக்கல். தூரம் சரியாகவே வருகிறது: ஹாவர்சைன் சூத்திரம் (உருண்டைப் பூமியின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான குறுகிய தூரத்தைத் தருவது), பூமியின் ஆரம் 6,371 கி.மீ., டிகிரியை ரேடியனாக மாற்றியாச்சு (இதை விட்டால் விடை தாறுமாறாகிவிடும்). ஊர் மையத்தை விட்டுவிட்டு விமான நிலையப் புள்ளிகளையே எடுத்திருக்கிறேன்.

லண்டன் ஹீத்ரோ – நியூயார்க் ஜேஎஃப்கே சுமார் 5,550 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 6 மணி 10 நிமிடம். ஏறி இறங்க அரை மணி தனியாகக் கூட்டியிருக்கிறேன்.

உதைப்பது காற்றுதான். மணிக்கு 100 கி.மீ. எதிர்காற்று என்றால் 6:56, பின்காற்று என்றால் 5:33. ஆனால் ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று) குளிர்காலத்தில் வலுக்கும். வருஷம் முழுக்க ஒரே எண் சரிப்படாது. மாதவாரிச் சராசரிக் காற்றுத் தரவு எங்கே கிடைக்கும்? விமானம் பறக்கும் உயரத்துக்கு 250 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டம் மட்டும் போதுமா, அதைவிட உயரமான 200-உம் வேண்டுமா?