கபர்னே குடித்தால் வாய் வறண்டு போகிறதே, இதுதான் ‘டிரை’யா?

கேள்வி: ஒரு வருடமாக ஒயினை ரசித்துக் குடிக்கப் பழகி வருகிறேன். கபர்னே சாவிஞான் என்ற சிவப்பு ஒயினைக் குடித்தால் நாக்கும் ஈறும் வறண்டு இழுக்கிறது, பினோ நுவார் என்ற இன்னொரு சிவப்பு ஒயினில் அவ்வளவாக இல்லை. இதைத்தான் டிரை ஒயின் என்கிறார்களா?

பதில் 1: இல்லைங்க, இரண்டும் வேறு. டிரை என்றால் பழத்தின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிட்டது, இனிப்பு இல்லை, அவ்வளவுதான். நீங்கள் சொல்வது டானின், அதாவது துவர்ப்பு தரும் பொருள். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குவது, ஒயினை வைத்து முதிரவிடும் ஓக் மரப் பீப்பாயும் கொஞ்சம் சேர்க்கும். உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய் அந்தச் சொரசொரப்பு வருகிறது. கபர்னே பழம் சிறியது, தோல் தடிமன். பினோவுக்கு மெல்லிய தோல். பால் சேர்க்காத கடுந்தேநீரைக் குடித்துப் பாருங்கள், அதே உணர்வுதான்.

பதில் 2: அப்புறம் குளிர்ச்சியையும் கவனியுங்கள். கபர்னே மாதிரி கனமான சிவப்பு ஒயினை 16–18 டிகிரி செல்சியஸில் குடிப்பது நல்லது, ரொம்பக் குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும். என் அனுபவத்தில் ஒரு பாட்டிலைத் தனியாகக் குடித்துக் கற்றதைவிட இரண்டு வேறு ஒயின்களை அருகருகே வைத்துக் கற்றதே அதிகம். மணத்துக்குச் சொல் கிடைக்காவிட்டால், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபிள் உருவாக்கிய மணச் சக்கரம் (ஒயின் மணங்களுக்கான சொற்களை வகைப்படுத்திக் காட்டும் வட்டப் படம்) மிகவும் கைகொடுக்கும்.

பதில் 3: கபர்னே பிடித்திருந்தால் இந்தத் தகவலும் பிடிக்கும்: கபர்னே சாவிஞான் என்பது சிவப்புத் திராட்சையான கபர்னே ஃபிரானும், வெள்ளைத் திராட்சையான சாவிஞான் பிளாங்கும் கலந்து பிறந்த ரகம். 1990-களில் மரபணுச் சோதனையில்தான் உறுதியானது.

கேட்டவர்: கடுந்தேநீர் குடித்துப் பார்த்தேன், அப்படியே அதேதான்! நன்றி. அடுத்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.