கோல சிலாங்கூர்ல இருந்து 12 மண் பானை எடுத்துட்டு வர யாராவது உதவ முடியுமா?

வணக்கம் அண்ணே, அக்கா. நான் பேராக்ல, சுங்கை சிப்புட் பக்கத்துல ரப்பர் தோட்டத்துல இருக்கேன். கிறிஸ்மஸ் லீவுக்கு சிலாங்கூர்ல இருந்து கார்ல ஊருக்கு வர்றவங்க யாராவது இருக்கீங்களா?

தை ஒண்ணாம் தேதி எங்க கோயில் வாசல்ல எல்லாரும் சேர்ந்து பொங்கல் வைக்கலாம்னு பேசியிருக்கோம், முன்ன தோட்டத்து வரிசை வீட்ல, லயத்துல இருந்தப்ப வரிசையா அடுப்பு மூட்டி வப்பாங்க, இப்ப பாதி பேரு வெளிய தாமான் குடியிருப்பு வீட்டுக்கு போயி கேஸ் அடுப்புலயே முடிச்சிடுறாங்க. எங்க பாட்டிக்கு மண் பானைதான் வேணுமாம். 30 வருஷம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவுனவங்க, எதையும் வாய் விட்டு கேட்டதே இல்ல, இத ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க.

கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தான்ல, மின்மினிப்பூச்சி பாக்க போவாங்களே அங்க, நம்ம ஆளுங்க பானை செய்யறாங்க. லோரியில அனுப்புனா உடைஞ்சிடும்னு பயமா இருக்கு. என்கிட்ட மோட்டார் சைக்கிள் மட்டும்தான். அதுவும் இந்த மழையில பட்டை ஈரமா இருந்தா மரம் சீவ முடியாது, சீவுன அன்னிக்கும் பால் எடுக்கறதுக்குள்ள கொட்டுச்சுன்னா மரத்துல கட்டுன மங்குல இருக்கற பால் தண்ணியோட வழிஞ்சி போயிடும், அதனால வெயில் அடிக்கிற ஒரு நாளையும் விட்டுட்டு வர முடியல.

கோயில்ல வசூல் பண்ணி வச்சிருக்கோம், பானை காசு, பெட்ரோல், டோல் எல்லாம் குடுத்துடுவோம். பழைய துணி சுத்தி கார் பின்னாடி பூட்ல வச்சா போதும். சுங்கை சிப்புட் வரைக்கும் வர முடியலன்னா ஈப்போவுல எறக்குங்க, நாங்க வந்து எடுத்துக்கறோம்.

அப்புறம், இந்த ஈரத்துல வெறக எப்படி காய வைக்கிறதுன்னு தெரிஞ்சவங்களும் சொல்லுங்க.