பொருள்: மறு: மருத்துவமனை 'லாக்டவுன்' – தமிழில் என்ன சொல்?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

> 'கதவடைப்பு' என்றே எழுதிவிடுங்கள். எல்லாருக்கும் பழகிய சொல்.

பழகியிருப்பதுதான் தொல்லை, ஐயா. கதவடைப்பு என்றால் ஆலை முதலாளி பூட்டுப் போட்டுத் தொழிலாளரை வெளியே நிறுத்துவது. 'ஊரடங்கு' என்றாலோ 2020 வந்து நிற்கும். நான் கேட்பது டெக்சஸ் மருத்துவமனைகளில் தமிழ் மட்டுமே அறிந்த முதியவர்கள் கையில் கொடுக்கும் துண்டறிக்கைக்கு. கட்டடத்துக்குள் யாரோ சுடத் தொடங்கினால் வார்டில் இருப்பவர்கள் உள்ளிருந்தே கதவை அடைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செயலுக்குத்தான் பெயர் வேண்டும்.

அலுவலகங்களில் சொல்லிக்கொடுப்பது 'ஓடு, ஒளி, போராடு'. 2012இல் ஹூஸ்டன் நகராட்சி எடுத்த பயிற்சிப் படத்தால் பரவிய பாடம். வயிற்றைத் திறந்து வைத்த அறுவை மேசையை விட்டு யார் ஓடுவது? வென்டிலேட்டரில் இருப்பவரை எங்கே ஒளிப்பது? 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கென்ஜி இனாபா என்ற அறுவை மருத்துவரும் உடன் எழுதியவர்களும் இப்படிப்பட்ட இடங்களுக்கு வேறு வரிசை சொன்னார்கள்: இடத்தை அடைத்துக் காப்பது, நோயாளியின் உயிரைப் பிடித்துவைப்பது, வேறு வழியே இல்லாதபோது எதிர்ப்பது. நம் சொல் அந்த முதல் படிக்கு உரியது.

என் பரிந்துரை 'உள்தாழ்'. "உள்தாழ்ப்பாள் போட்டுக்கோ" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. வினையாக 'உள்தாழிடு'.

வெளிவாசலை மூடுவதை இதோடு சேர்க்கக் கூடாது. அதற்கு 'வாயில் கட்டுப்பாடு' போதும். லாஸ் வேகஸில் 2017 அக்டோபர் 1 இரவு இசைவிழாக் கூட்டத்தின்மீது ஒருவன் சுட்டபோது சன்ரைஸ் மருத்துவமனைக்கு 200க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பலர் ஆம்புலன்ஸில் அல்ல, முன்பின் தெரியாதவர்களின் கார்களில். அந்த நேரத்தில் வாசலைச் சாத்தினால் காயம்பட்டவர் சாவார். அதற்கு முந்தைய ஆண்டு ஆர்லாண்டோவில், துப்பாக்கிச்சூடு நடந்த பல்ஸ் இரவு விடுதியிலிருந்து சில தெருக்கள் தள்ளியிருந்த மருத்துவமனையில் காயம்பட்டோரை ஏற்றுக்கொண்டிருந்தபோதே, சுடுகிறவன் இங்கும் வந்துவிட்டான் என்று செய்தி பரவியது. அது பொய்ச்செய்தி. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் வாசல் திறந்தும் அறைகள் தாழிட்டும் இருக்க வேண்டிய நிமிடங்கள். ஒரே சொல் இரண்டையும் சுமக்காது.

அடுத்து 'ஆக்டிவ் ஷூட்டர்', அதாவது கட்டடத்துக்குள் புகுந்து இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும் ஆள். 'செயலில் உள்ள சுடுநர்' என்று ஒருவர் அனுப்பியிருந்தார். மின்விசிறிக்கு எழுதியது போல இருக்கிறது. செய்தித்தாள்களின் 'துப்பாக்கிதாரி' நல்ல சொல்தான், இங்கே மட்டும் ஆகாது. டெக்சஸில் உரிமத்தோடு இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவரும் துப்பாக்கிதாரியே. மறைத்துக் கொண்டுவருவதைத் தடுக்க 30.06, வெளிப்படையாகக் கொண்டுவருவதைத் தடுக்க 30.07 என்று தண்டனைச் சட்டப் பிரிவு எண்ணைக் கொண்ட பலகைகளை வாசலில் மாட்டுகிறார்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும், எழுத்து ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது விதி. பாதுகாவலரிடமும் துப்பாக்கி இருக்கும். அதுவும் முழுக் காப்பு அல்ல: 2000 முதல் 2011 வரை அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த 154 துப்பாக்கிச்சூடுகளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கேப் கெலன் குழு ஆராய்ந்தபோது, அவசரப் பிரிவுக்குள் நடந்தவற்றில் 23 விழுக்காட்டில் பயன்பட்டது காவலரிடமிருந்து பறித்த துப்பாக்கி. ஆகவே வைத்திருப்பவர் வேறு, சுடுபவர் வேறு. நான் 'சுடும் ஆள்' என்று எழுதியிருக்கிறேன். -அர் போட்டு மரியாதை செய்யவும் வேண்டாம், -அன் போட்டு ஆண் என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

---

மறு: மறு: மருத்துவமனை 'லாக்டவுன்'

தம்பி, நான் அவசரப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர். 'உள்தாழ்' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் வார்டுக் கதவுகள் பலவற்றில் தாழே கிடையாது. இருபுறமும் திறக்கும் கதவு. அட்டையைக் காட்டினால் திறப்பது. தீ விபத்து விதிகளுக்காக எப்போதும் வெளியேறத் தக்கதாக வைத்தது. கட்டிலைத் தள்ளி முட்டுக்கொடுப்பதுதான் நடைமுறை. தாழைத் தேடி யாராவது நேரத்தை வீணாக்கினால்? 'உள்ளடைப்பு' என்றால் பூட்டு, முட்டு எல்லாம் அடங்குமே.

---

மறு: மறு: மறு: மருத்துவமனை 'லாக்டவுன்'

டாக்டரம்மா சொல்லும் கதவுச் செய்தி முக்கியமானது. அதைத் துண்டறிக்கையில் தனி வரியாகப் போடத்தான் வேண்டும். ஆனால் மருத்துவமனை ஒலிபெருக்கியில் 'அடைப்பு' என்று கேட்டால் என் வயதுக்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். மாரடைப்பு, இரத்தக்குழாய் அடைப்பு என்றே பழகிய காது. என் கதவடைப்பையும் அதே காரணத்துக்காகத் திரும்பப் பெறுகிறேன்.

'உள்தாழ்' இருக்கட்டும். ஒலிபெருக்கியில் மட்டும் கலைச்சொல்லே வேண்டாம். ஆயுதத்தோடு ஓர் ஆள் இருப்பதைக் குறிக்கும் 'கோடு சில்வர்' என்ற குறிச்சொல்லை அறிவிப்பதை விட்டு, பொருளை நேராகச் சொல்லும் வழக்கத்துக்குப் பல மருத்துவமனைகள் மாறிவருகின்றன. வண்ணக் குறியீடு இடத்துக்கு இடம் மாறும். நோயாளிக்கும் உறவினருக்கும் அது எங்கே புரியப்போகிறது? அதை 'வெள்ளிக் குறி' என்று பெயர்த்து வைத்தால் கிழமை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அறிவிப்பு இப்படி இருக்கலாம்: "இரண்டாம் மாடியில் ஒருவர் துப்பாக்கியால் சுடுகிறார். அறைக்குள் இருங்கள். கதவைப் பூட்டுங்கள், பூட்ட முடியாவிட்டால் கட்டிலைத் தள்ளி முட்டுக்கொடுங்கள். கைப்பேசியின் ஒலியை நிறுத்துங்கள்."

தம்பியின் -அர் பற்றிய தயக்கம் எனக்கும் உண்டு. "ஓர் ஆள் சுடுகிறார்" என்று தொடங்கினாலும் வினையில் மரியாதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.