முதல் ஆரிஸ் கேஸ்: உங்கள் அனுபவம் என்ன?

லேப் டெக்னீஷியன்:
ஆரிஸ் என்பது மருந்துக்கு எளிதில் அடங்காமல் ஆஸ்பத்திரிகளில் பரவும் ஒரு பூஞ்சை. நானே ஆரம்பிக்கிறேன். 2016. ஐசியூவில் மூன்று வாரமாக இருந்த ஒருவரின் ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், ஈஸ்ட் வகைப் பூஞ்சை வந்தது. தானியங்கி இயந்திரம் அதை கேண்டிடா ஹீமுலோனி என்ற அபூர்வ ரகம் என்றது. கேள்விப்பட்ட பெயர்தான், பார்த்ததில்லை. அப்படியே ரிப்போர்ட் போட்டுவிட்டேன். பத்து நாளில் அதே வார்டிலிருந்து இன்னும் இரண்டு ஹீமுலோனி. "அபூர்வமானது ஒரே மாசத்துல மூணு தடவை வருமாப்பா?" என்று கேட்டார் எங்கள் மேடம். 42 டிகிரியில் வைத்துப் பார்த்தோம். ஹீமுலோனி அந்தச் சூட்டில் வளராது. இது தட்டு நிறைய வளர்ந்து நின்றது. கிருமியின் புரதங்களை வைத்து இனம் காணும் மால்டி-டாஃப் கருவி உள்ள இடத்துக்கு அனுப்பியதும் கேண்டிடா ஆரிஸ் என்று பதில் வந்தது.

2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து இதற்குப் பெயர் வைத்தார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. டெல்லி நோயாளிகளின் ரத்தத்திலேயே இது வந்ததை 2013-ல் எழுதியும் விட்டார்கள். நான்தான் படிக்கவில்லை.

அதற்குள் முதல் நோயாளிக்கு ஒன்பது நாள் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஓடியிருந்தது. வெறும் தண்ணீர் ஏற்றியதற்குச் சமம். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதியில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்துவதுதான் இந்த மருந்தின் வேலை. நம் பக்கத்து ஆரிஸில் பெரும்பாலும் அந்த இருக்கையே உருமாறியிருக்கும். மீறி உள்ளே போகும் மருந்தையும் பம்பு வைத்து இறைப்பதுபோல் வெளியே தள்ளிவிடும். எக்கினோகாண்டின் என்ற வேறு வகைப் பூஞ்சை மருந்துக்கு மாற்றினார்கள். அவர் பிழைக்கவில்லை. பின்னால் வந்த இருவரும் வீடு திரும்பினார்கள்.

ஐசியூ நர்ஸ்:
அண்ணா, எங்கள் வார்டில் தலைவலியே துடைப்பதுதான். வழக்கமாகத் தரை துடைக்கும் அமோனியம் வகை மருந்துக்கு இது சரியாகச் சாவதில்லை. குளோரின் கரைசலுக்கு மாறின பிறகுதான் புது கேஸ் குறைந்தது. கட்டில் கம்பி, பிபி கஃப் என்று எதில் ஒட்டினாலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நரம்பியல் ஐசியூவில் அக்குளில் வைக்கிற தெர்மாமீட்டர் வழியாகப் பரவி, 70 நோயாளிகளிடம் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து ஆளுக்கொரு தெர்மாமீட்டர்தான். ஆனால் தனி அறைக்கு மாற்றும்போது வீட்டார் கோபப்படுவார்கள். "தீட்டா?" என்றே ஒரு பாட்டி கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

ஆராய்ச்சி மாணவி:
நான் நோயாளியைப் பார்த்ததில்லை, மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஆரிஸை ஊசியில் ஏற்றி எத்தனை புழு சாகிறது என்று எண்ணுவோம். செல்கள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் ரகம் மெதுவாகக் கொல்லும். தனித்தனியாகப் பிரியும் ரகம்தான் கொடியது. பரவலாகக் காணும் கேண்டிடா அல்பிகன்ஸ் போல நீண்ட இழை விடாமலேயே இவ்வளவு செய்கிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம். அப்புறம், அந்தமானில் மணற்கடற்கரையிலும் ஆளரவமற்ற உப்புச் சதுப்பிலும் இது கிடைத்ததாக 2021-ல் கட்டுரை வந்தது. சதுப்பில் கிடைத்த ஒன்று மருந்துக்கு அடங்கியது, சூட்டிலும் மெதுவாகத்தான் வளர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் முன் இது எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிற மிச்சமோ என்னவோ!

ஒரு மகன்:
நான் மருத்துவத் துறை இல்லை. அப்பாவுக்கு அக்குள் ஸ்வாபில், அதாவது தோலைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்த சோதனையில், ஆரிஸ் வந்தது. காய்ச்சல் இல்லை, மருந்தும் தரவில்லை, டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். வீட்டில் ஐந்து வயசுக் குழந்தை இருக்கிறது. பயமாக இருக்கிறது.

லேப் டெக்னீஷியன்:
தம்பி, தோலில் இருப்பது வேறு, ரத்தத்தில் இறங்குவது வேறு. தோலில் மட்டும் இருந்தால் மருந்து தரமாட்டார்கள், அது சரிதான். ஆரோக்கியமான குழந்தைக்குப் பொதுவாக ஆபத்தில்லை. அப்பாவைத் தொட்டுப் பணிவிடை செய்த பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆனால் மாதக்கணக்கில் தோலிலேயே தங்கிவிடும். அதனால் அந்த ஸ்வாப் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அடுத்து எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், அட்மிஷன் கவுன்டரிலேயே அதை எடுத்து நீட்டுங்கள்.