வகுப்பறைகளில் தலையெண்ணிய அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம். பல்கலைக்கழகங்கள் தங்கள் கட்டடங்களை எப்படித் திட்டமிட்டுப் பயன்படுத்துகின்றன என்று முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறேன். ஓரிடத்தில் திணறி நிற்கிறேன். உங்கள் உதவி வேண்டும்.

நெதர்லாந்தில் 1995-இல் கட்டடங்களின் பொறுப்பு அரசிடமிருந்து பல்கலைக்கழகங்களின் கைக்கு வந்தது. அன்றுமுதல் கூரை ஒழுகினால் செலவு அவர்களுடையது. அந்நாட்டின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2008 மே 13 அன்று கட்டடக்கலைத் துறையின் கட்டடம் எரிந்துபோனது. காபி இயந்திரத்தில் தண்ணீர் கசிந்து ஏற்பட்ட மின்கசிவுதான் காரணம். புதிதாகக் கட்டாமல், பல்கலைக்கழகத்தின் பழைய தலைமைக் கட்டடத்தைச் சில மாதங்களில் சீரமைத்துக் குடியேறினார்கள். இதைப் படித்தபோதுதான் இந்தத் துறை என்னைப் பிடித்துக்கொண்டது.

என் சிக்கல் கணக்கெடுப்பில். ஒரு வகுப்பறை வாரத்தில் பாதி நேரமே பயன்பட்டு, அப்போதும் பாதி இருக்கைகளே நிரம்பினால், உண்மையான பயன்பாடு கால் பங்குதான். நேர அட்டவணையோ அறையே கிடைக்கவில்லை என்கிறது! அட்டவணையை மட்டும் நம்பி எழுத எனக்கு மனம் வரவில்லை; அறைகளில் நேரில் தலையெண்ணிய கணக்கு வேண்டும்.

கல்லூரி அலுவலகத்திலோ, நிறுவனங்களின் கட்டடப் பராமரிப்புப் பிரிவிலோ பணிபுரிந்தவர்கள் சொல்லுங்கள்: எத்தனை வாரம் எண்ணினீர்கள்? தேர்வுக் காலத்தைச் சேர்த்தீர்களா? ஆய்வுக்கூடங்களையும் நூலக மேசைகளையும் எப்படிக் கணக்கிட்டீர்கள்? கையால் எழுதிய படிவம் இருந்தாலும் போதும். நிறுவனத்தின் பெயரை மறைத்தே அனுப்புங்கள். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் கிடைத்தால் பெரும் உதவியாக இருக்கும்.